பந்து போடறவரப் பாருங்க

பேஸ்பால்ல ஹோம் ரன் டெர்பி வருதுன்னாலே எங்க ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல பந்தயம் களை கட்டிடும், ஆளுக்கு பத்து டாலர், யாரு ஜெயிப்பான்னு சொல்லணும். பசங்க அப்படியே உக்காந்து இந்த சீசன்ல யாரு எத்தன ஹோம் ரன், ஸ்டேடியத்துல எந்தப் பக்கம் சுவரு கிட்டக்க இருக்கு, அடிக்கறவன் லெஃப்டா ரைட்டான்னு கணக்கு போடுவாங்க. நான் பாக்கறது வேற. அவனுக்கு யாரு பந்து போடறாரு? அது தெரிஞ்சப்பறம்தான் மத்த கணக்கெல்லாம். இத சொன்னா குரூப்ல ஒரே சிரிப்பு ஸ்மைலியா வரும், "அடிக்கறதுக்குன்னே லட்டு மாதிரி போட்டுக் குடுக்கறாங்க, அதுல என்ன பெரிய வித்த"ன்னு. அந்த லட்ட பிடிக்கறதுதான் வித்தன்னு சொல்லத்தான் இந்தப் போஸ்ட்.

பேஸ்பால் பாக்காதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். மேஜர் லீக்ல ஒரு டீமுக்கு ஒரு சீசன்ல 162 மேட்ச், கிட்டத்தட்ட தினமும் ஆட்டம். ஜூலை நடுவுல மட்டும் ஒரு நாலு நாள் மூச்சு விட விடுவாங்க, அந்த கேப்லதான் ஆல்-ஸ்டார் திருவிழா. வருஷத்துக்கு ஒரு ஊரு. நாளைக்கு பெரிய ஆளா வரப்போற பசங்க ஆடற ஃபியூச்சர்ஸ் கேம் ஒண்ணு, நடிகருங்க பாட்டுக்காரங்க எல்லாம் வந்து கலாட்டா பண்ற சாஃப்ட்பால் ஒண்ணு, திங்கக்கிழம ராத்திரி டெர்பி, செவ்வாக்கிழம மேஜர் லீக்கோட ரெண்டு பிரிவான அமெரிக்கன் லீக், நேஷனல் லீக்லேர்ந்து பொறுக்கி எடுத்த ஸ்டாருங்க மோதற ஆல்-ஸ்டார் மேட்ச். டெர்பில எட்டு பேரு. யாரு அதிகமா ஹோம் ரன், அதாவது பந்த வேலிக்கு வெளிய அடிக்கறான்னு பாக்கறது, அவ்வளவுதான் ஆட்டமே. எதிர் டீம் பிட்ச்சர் யாரும் வந்து போட மாட்டாங்க, அடிக்கறவன் தனக்கு வேண்டிய ஆள தானே கூட்டிட்டு வரலாம். டீம் கோச்சு, அப்பா, அண்ணன், மச்சான், சின்ன வயசுல கத்துக் குடுத்த மாஸ்டர், யாரு வேணா. நம்ம கிரிக்கெட்ல நெட்ஸுல த்ரோடவுன் போடறவர லட்சக்கணக்கான பேரு பாக்கற ஷோவுக்கு நடுவுல கொண்டு வந்து நிறுத்தின மாதிரி.

அதுலயும் இந்த த்ரோடவுன் சாதாரண விஷயம் இல்ல. நெஜ மேட்ச்ல பிட்ச்சர் 60 அடி 6 அங்குலத்துலேர்ந்து மணிக்கு 95, 100 மைல்ல எறிவான். டெர்பில போடறவரு அதுக்கு முன்னாடி வந்து, திரும்பி வர்ற பந்து மூஞ்சில படாம இருக்க எல் ஷேப்ல ஒரு வலை வெச்சிருப்பாங்க, அது பின்னாடி நின்னுட்டு, அதுல பாதி சொச்சம் வேகத்துல போடணும். ரொம்ப மெதுவா போட்டா பந்து கீழ இறங்கிடும், அடிக்கறவன் காத்திருந்து காத்திருந்து உடம்ப முன்னாடி விட்டுடுவான். வேகமா போட்டா டைமிங் போச்சு. பந்து வளையவே கூடாது, ஒரே உயரம், ஒரே எடம், ஒரே தாளம், திரும்பத் திரும்ப. ஒருத்தனுக்கு இடுப்புக்கு மேல உள்பக்கமா வேணும், இன்னொருத்தனுக்கு நடுவுல தாழ்வா வேணும். பக்கத்துல டைமர் ஓடுது, 40,000 பேரு கத்தறாங்க, அடுத்த பந்து எடுக்க கூடைய பாக்காமயே கை போகணும். பாவம், அந்த ஆளுக்கு வயசு அறுபதுக்கு மேல இருக்கும் பல தடவ.

என் பொண்ணு ஆடற லிட்டில் லீக்ல கோச்-பிட்ச்னு ஒரு வயசுப் பிரிவு, பசங்களுக்கு பெரியவங்கதான் பந்து போடுவாங்க. எனக்கு சின்ன வயசுலேர்ந்து முழங்கைய மடக்காம போட்டுப் பழகின கை, இங்க மடக்கித்தான் எறியணும். அதனால அந்த வேலைய நான் கேட்டதே இல்ல, வேலியோரம் நின்னு வேடிக்கதான். அங்க ஒரு அப்பா இருக்காரு, பிளம்பிங் வேல பாக்கறவரு. ஒரு பக்கெட்ட கவுத்துப் போட்டு அது மேல ஒத்த முட்டி வெச்சுக்குவாரு. முதல்ல பந்த தூக்கி பையனுக்கு காட்டுவாரு, காட்டிட்டு ஒரு நொடி நிறுத்துவாரு, கை பின்னாடி போகும், பையன் காலும் அதே சமயம் பின்னாடி போகும். ரெண்டு பேரும் சேந்து மூச்சு விடற மாதிரி இருக்கும். பந்து வந்து மட்டையில தானா மோதும். மத்தவங்க போட்டப்ப காத்துல வீசிட்டு இருந்த அதே பிள்ளைங்க இவரு போட்டா டம்மு டம்முன்னு அடிக்கும். என் பொண்ணு கூட "அப்பா, அந்த அங்கிளே எனக்கு எப்பவும் போடட்டும்"னு பட்டுன்னு சொல்லிடுச்சு. அதுக்கப்பறம்தான் டெர்பி பாக்கற கண்ணே எனக்கு மாறிச்சு.

மாறினப்பறம் பழைய வீடியோ எல்லாம் தேடிப் போட்டுப் பாத்தேன். டெர்பி ஆரம்பிச்சது 1985ல, மினியாபோலிஸ்ல, ஜெயிச்சது டேவ் பார்க்கர். அப்பல்லாம் அவுட் கணக்குதான். வேலிக்கு வெளிய போகாத ஒவ்வொரு மட்டை வீச்சும் ஒரு அவுட், பத்து அவுட் ஆனா முடிஞ்சுது, புடிக்காத பந்த விட்டுடலாம். சில பேரு நின்னு நின்னு விட்டுட்டே இருப்பாங்க, பாக்கறவனுக்கு கொட்டாவி வரும். ஆனா அந்தப் பழைய முறையிலதான் டெர்பியோட மறக்க முடியாத ராத்திரி நடந்துச்சு, 2008, பழைய யாங்கீ ஸ்டேடியம், அதுக்கு அதான் கடைசி வருஷம்.

ஜோஷ் ஹாமில்டன் கதை கொஞ்சம் பேருக்காவது தெரிஞ்சிருக்கும். டீமுங்க வரிசையா புதுப் பசங்கள பொறுக்கற 1999 டிராஃப்ட்ல நாட்டுலயே முதல் ஆளா எடுத்தாங்க, அவ்ளோ தெறம. அப்பறம் போதைல விழுந்து, சஸ்பெண்ட் ஆகி, வருஷக்கணக்கா மைதானத்துப் பக்கமே இல்ல. ஆளு முடிஞ்சான்னு எல்லாரும் எழுதிட்டப்பறம் 2007ல திரும்பி வந்து, அடுத்த வருஷமே டெக்ஸஸ் டீமுக்காக வெளுத்து வாங்கி ஆல்-ஸ்டார். டெர்பிக்கு அவரு கூட்டிட்டு வந்தது எந்த மேஜர் லீக் கோச்சையும் இல்ல, நார்த் கரோலினால தன் சின்ன வயசுல பந்து போட்டுக் குடுத்த க்ளே கவுன்சில். வயசு 71! நியூயார்க்ல, அவ்ளோ கூட்டத்துக்கு முன்னாடி, ஒரு தாத்தா நடந்து வந்து வலை பின்னாடி நிக்கறாரு.

அப்பறம் என்ன, முதல் ரவுண்ட்லயே 28. மூணு பந்து 500 அடியத் தாண்டி ரைட் ஃபீல்டு மேல் மாடி ஓரத்துக்கே போகுது, நடுவுல ஒரு கட்டத்துல தொடர்ந்து 13 ஹோம் ரன், ஊரே எந்திரிச்சு நின்னு அவரு பேர கத்துது, ஓரத்துல உக்காந்திருந்த மத்த ஆல்-ஸ்டாருங்க எல்லாம் தலைல கைய வெச்சுட்டு சின்னப் பசங்களாட்டம் துள்ளறாங்க. கேமரா முழுக்க ஹாமில்டன் மேலயேதான். ஆனா அந்த வீடியோவ இன்னொரு தடவ பாத்தா தாத்தாவ மட்டும் பாருங்க. ஒரே சீரா, அலட்டிக்காம, ஒவ்வொரு பந்தும் அதே உயரத்துல. அடிச்ச பந்து எங்க போகுதுன்னு திரும்பிப் பாக்கறது கூட கம்மிதான்.

இதுல கொடும என்னன்னா அன்னிக்கி ஜெயிச்சது ஹாமில்டன் இல்ல. ஃபைனல்ல கணக்கு முதல்லேர்ந்து ஆரம்பிக்கும், அதுல மினசோட்டா டீமோட ஜஸ்டின் மார்னோ 5, ஹாமில்டன் 3. ராத்திரி முழுக்க சேத்துப் பாத்தா ஹாமில்டன் 35, மார்னோ 22. இன்னிக்கி போய் 2008 டெர்பி யாரு ஜெயிச்சாங்கன்னு கேளுங்க, பாதிப் பேரு ஹாமில்டன்னுதான் சொல்லுவான். அத விடக் கொடும 2019ல க்ளீவ்லேண்ட்ல, டொரண்டோ டீம் பையன் விளாடிமிர் கெரேரோ ஜூனியர், வயசு 20, மொத்தமா 91 அடிச்சான். தொண்ணூத்தி ஒண்ணு! அரையிறுதில மட்டும் ஜாக் பீடர்சன் கூட டை ஆகி, மறுபடி டை ஆகி, அப்பறமும் முடியாம இழுத்து இழுத்து கடைசில 40-39. அதுல உசுரு போயிடுச்சு பையனுக்கு. ஃபைனல்ல மெட்ஸ் டீம் பீட் அலான்சோ 23, இவன் 22. அலான்சோ மொத்தமே 57தான். ஆனா அதுல ஞாயம் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். எப்ப எவ்ளோ சக்திய மிச்சம் வெக்கறதுங்கறதும் ஆட்டத்துல ஒரு பகுதிதான, அலான்சோ வேணுங்கற அளவுக்கு மட்டும் அடிச்சுட்டு நின்னுட்டான். அந்த வருஷம் அவனுக்கு பந்து போட்டது சொந்த கசின். பரிசு 10 லட்சம் டாலர், அந்த வருஷம் அவன் சம்பளத்த விட அதிகம்! கெரேரோ 2023ல சியாட்டில்ல வந்து கணக்க தீத்துக்கிட்டான், அப்ப அவனுக்கு போட்டது டீமோட மேனேஜர் ஜான் ஷ்னைடரே. அப்பன் 2007ல ஜெயிச்சவரு, மகன் 2023ல, அப்படி ஒரு குடும்பம் டெர்பில இது ஒண்ணுதான்.

2015லேர்ந்து டைமர் வந்துடுச்சு, அதுலேர்ந்து போடறவரு வேல ரெண்டு மடங்கு ஆச்சு. முதல்லல்லாம் நிதானமா போடலாம், இப்ப மூச்சு வாங்க வாங்க போடணும். அந்த முதல் டைமர் டெர்பிலயே சின்சினாட்டில உள்ளூர் டீம் ஆளு டாட் ஃப்ரேஸியர் ஜெயிச்சாரு, போட்டது கூடப் பிறந்த அண்ணன். சண்டையும் டைமரால வந்ததுதான். 2018 வாஷிங்டன்ல பிரைஸ் ஹார்ப்பர், சொந்த ஸ்டேடியம், பந்து போடறது அப்பா ரான் ஹார்ப்பர். ஆளு கையப் பாத்தா பாறை மாதிரி இருக்கும். ஃபைனல்ல எதிராளி கைல் ஷ்வார்பர் 18 அடிச்சு முடிச்சுட்டாரு, ஹார்ப்பர் பாதில திணறிட்டு இருக்காரு, கடைசி ஒரு நிமிஷத்துல அப்பா சரசரன்னு போட ஆரம்பிச்சாரு பாருங்க, மகனும் ஒண்ணு விடாம தூக்கி, போனஸ் நேரத்துல 19 ஆக்கி ஜெயிச்சுட்டாரு. மறுநாள் பூரா இணையத்துல அதே பேச்சு. முன்னாடி அடிச்ச பந்து தரைல விழறதுக்குள்ள அடுத்தத போடக் கூடாதுன்னு ரூல், அப்பா அத மீறிட்டாருன்னு பிரேம் பிரேமா நிறுத்திக் காட்டினாங்க. மீறினாருதான். ஆனா நடுவரு ஒண்ணும் சொல்லல, அன்னிக்கி மத்தவங்களும் யோக்கியமா காத்துட்டு இருந்தாங்கன்னு சொல்ல முடியாது. எனக்கென்னவோ அந்த அப்பா மேல கோவமே வரல. மகன் தோக்கறத பாத்துட்டு கைய கட்டிட்டு நிக்க எந்த அப்பனுக்கு மனசு வரும்.

இப்ப அதுக்கும் ஒரு வழி பண்ணிட்டாங்க. 2024லேர்ந்து முதல் ரவுண்ட்ல மூணு நிமிஷம் இல்லன்னா 40 பந்து, எது முதல்ல முடியுதோ அது. பந்து எண்ணிக்கைக்கு வரம்பு வந்ததால அவசரப்பட்டு மழையா கொட்டறதுல பிரயோஜனம் இல்ல, ஒரு மோசமான பந்து போட்டா அது நேரா நஷ்டம். சுருக்கமா சொன்னா போடறவரோட மதிப்பு இன்னும் ஏறிடுச்சு.

கோச்சுங்கள்ல என் ஆல் டைம் ஆளு டேவ் ஜாஸ். மெட்ஸ் டீமோட பெஞ்ச் கோச்சா இருந்தவரு, 2021ல அறுபத தாண்டின வயசுல டென்வர்ல அலான்சோவுக்கு போட்டாரு. டென்வர் ஒரு மைல் உயரத்துல இருக்கற ஊரு, காத்து லேசு, பந்து பறக்கும், ஹுவான் சோட்டோ அன்னிக்கி ஒண்ண 520 அடிக்கு அனுப்பினான். ஓஹ்தானி கூட வந்திருந்தாரு அந்த வருஷம், அவரப் பாக்கத்தான் பாதி கூட்டம், முதல் ரவுண்ட்லயே சோட்டோகிட்ட தோத்துட்டுப் போயிட்டாரு. அலான்சோ மட்டும் பாட்டுக்கு தலைய ஆட்டிட்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவனாட்டம் ஜாலியா நின்னு முதல் ரவுண்ட்ல 35. அவன் அப்படி ஆட்டம் போட முடிஞ்சதே ஜாஸ் போடற பந்து எங்க வரும்னு கண்ண மூடிட்டே தெரியும்ங்கறதாலதான். ஃபைனல்ல எதிராளி ட்ரே மான்சினி, குடல் புற்றுநோய் வந்து 2020 சீசன் பூரா ஆடாம மீண்டு வந்தவரு. அவரு ஜெயிக்கணும்னு என் வீட்லயே ரெண்டு ஓட்டு. ஸ்கோர் மறுபடியும் 23-22, அலான்சோ. அந்த ராத்திரிக்கு அப்பறம் ஜாஸ் பேரு கொஞ்ச நாளைக்கு ஊரெல்லாம் பேசினாங்க, போடறவருக்கு அப்படி ஒரு பேரு கெடைச்சது அபூர்வம்.

அப்பா-மகன் வரிசைல 2011ல ராபின்சன் கனோ இருக்காரு, அப்பா ஹோசே போட்டு மகன் ஜெயிச்சது. ஆனா 2025 அட்லாண்டா இருக்கே, அது வேற ரகம். சியாட்டில் கேட்ச்சர் (நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி) கேல் ராலே. பந்து போடறது அப்பா, பின்னாடி குந்திட்டு கேட்ச் புடிக்கறது தம்பி. வீட்டுப் பின்கட்டுல விளையாடினத அப்படியே பேத்து எடுத்துட்டு வந்து மேஜர் லீக் மைதானத்துல வெச்ச மாதிரி. ராலே ரெண்டு கையிலயும் அடிக்கறவரு, முதல் ரவுண்ட்லயே நடுவுல பக்கம் மாறி நின்னு அடிச்சாரு. இங்கதான் நான் சொல்றத கவனிக்கணும், அடிக்கறவன் பக்கம் மாறினா போடறவரு எடம் குறி எல்லாமே தலைகீழா மாத்தணும், டைமர் ஓடிட்டு இருக்கும்போதே. அப்பா மாத்தினாரு, கண்ணு கூட சிமிட்டல.

அந்த முதல் ரவுண்டே ஒரு முடி வித்தியாசத்துலதான் தப்பிச்சாரு. ராலேவும் ப்ரெண்ட் ரூக்கரும் ஆளுக்கு 17. டை ஆனா யாரோட நீளமான ஹோம் ரன் பெருசுன்னு பாக்கணும்னு ரூல். ரூக்கர் 470.54 அடி, ராலே 470.62. ஒரு அங்குலம் கூட வித்தியாசம் இல்ல! 470 அடி தூரம் போன பந்த ஒரு அங்குலத்துக்குள்ள அளந்தோம்னு மெஷின் சொல்லுது, நாமளும் நம்பறோம். எனக்கு இதுல இன்னிக்கி வரைக்கும் ஒரு நெருடல் உண்டு, அவ்ளோ துல்லியமா அளக்க முடியும்னு தோணல, ரெண்டு பேருக்கும் மூணு மூணு பந்து குடுத்து தீத்திருக்கலாம். சரி விடுங்க. அன்னிக்கே ஒனீல் க்ரூஸ் ஒண்ண 513 அடிக்கு வெளுத்தான், பாக்கற நமக்கு பந்து எங்க போச்சுன்னே தெரியல, ஆனா ஃபைனலுக்கு வரல. ஃபைனல்ல ராலே 18, ஹூனியர் கமினேரோ 15. டெர்பி ஜெயிச்ச முதல் கேட்ச்சர் ராலேதான்.

நடுவுல ஒண்ணு. டெர்பில கலந்துக்கிட்டா மட்டை வீச்சு கெட்டுடும், அடுத்த பாதி சீசன் படுத்துடும்னு ஒரு சாபக் கதை சுத்திட்டே இருக்கும். எல்லாரும் எடுத்து விடற உதாரணம் பாபி அப்ரேயு, 2005ல ஒரே ரவுண்ட்ல 24 அடிச்சு அசத்திட்டு, முன்பாதில 18 ஹோம் ரன் அடிச்ச ஆளு பின்பாதில வெறும் 6. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா டெர்பிக்கு கூப்பிடறதே முன்பாதில வாழ்க்கைலயே உச்சமா அடிச்சவனத்தான், அவன் அதே வேகத்துல போனாத்தான் அதிசயம். அந்த அதிசயமும் நடந்துச்சு, ராலே 2025ல ஆல்-ஸ்டார் பிரேக் வரைக்கும் 38, சீசன் முடியும்போது 60. கேட்ச்சர் ஒருத்தன் அது வரைக்கும் அப்படி அடிச்சதே இல்ல. ஆனாலும் பெரிய ஆளுங்க நழுவத்தான் செய்யறாங்க, ஆரன் ஜட்ஜ் 2017ல வந்து ஜெயிச்சதோட சரி, 2025 வரைக்கும் திரும்பி எட்டிப் பாக்கல.

செவ்வாக்கிழம மேட்சு பத்தி நெஜத்த சொல்லணும்னா, பாதி வருஷம் மொத்தம் ஒம்பது இன்னிங்ஸ்ல ஏழாவதுலயே எனக்கு கண்ணு சொருகிடும். 1933ல சிகாகோல உலகக் கண்காட்சிக்காக ஒரு பத்திரிகைக்காரரு ஐடியால ஒரே ஒரு தடவைக்குன்னு ஆரம்பிச்சது, பேப் ரூத் ஹோம் ரன் அடிச்சு குடமுழுக்கு பண்ணி வெச்சாரு, அதுலேர்ந்து ஓடிட்டு இருக்கு. அந்தக் காலத்துல ரெண்டு லீகும் சீசன் கடைசில வர்ற ஃபைனலான உலகத் தொடர (வேர்ல்ட் சீரீஸ்) தவிர மோதறதே இல்ல, அதனால இந்த மேட்சுக்கு ஒரு வெறி இருந்துச்சு. 1957ல சின்சினாட்டி ரசிகருங்க ஓட்டுப் பொட்டிய ரொப்பி தங்க டீம் ஆளுங்களயே வரிசையா ஜெயிக்க வெச்சு, கமிஷனர் ரெண்டு பேர தூக்கிட்டு ரசிகர் ஓட்டையே நிறுத்திட்டாரு, 1970 வரைக்கும். ஓட்டு திரும்பின அந்த 1970லயே பீட் ரோஸ் கேட்ச்சர் மேல போய் மோதி மேட்ச ஜெயிச்சாரு, கேட்ச்சர் ரே ஃபாஸிக்கு தோள்பட்டை போச்சு. காட்சிப் போட்டில! 1997லேர்ந்து ரெண்டு லீகும் சீசன்லயே மோத ஆரம்பிச்சுட்டாங்க, அதோட அந்த வெறி வடிஞ்சுது. 2002ல மில்வாக்கில 11 இன்னிங்ஸ் ஆடி பிட்ச்சருங்க தீந்து போயி 7-7னு டையாவே முடிச்சாங்க, கூட்டம் காறித் துப்பாத கொற. அந்த அவமானத்துல 2003லேர்ந்து 2016 வரைக்கும் இதுல ஜெயிக்கற லீகுக்குத்தான் உலகத் தொடர்ல சொந்த ஊர் சாதகம்னு ஒரு கூத்து. காட்சிப் போட்டிய வெச்சு சாம்பியன்ஷிப்ப சாய்க்கறது என்ன நியாயமோ.

ஆனா இந்த மேட்ச்லயும் நெனச்சுப் பாத்தா மனசுல நிக்கறதெல்லாம் பந்து போட்டவங்கதான். 1934ல கார்ல் ஹப்பெல் வரிசையா ரூத், கெரிக், ஃபாக்ஸ், சிமன்ஸ், குரோனின்னு அஞ்சு மலைங்கள ஸ்ட்ரைக் அவுட் பண்ணாரு, அதாவது பந்த அடிக்க விடாமயே அவுட். அன்னிக்கி அவரு லீக் 9-7ல தோத்துச்சுங்கறது யாருக்கு ஞாபகம் இருக்கு? 1999 பாஸ்டன்ல பெட்ரோ மார்ட்டினெஸ் முதல் நாலு பேரையும் தூக்கினாரு, அதுல அப்ப ஹோம் ரன் மன்னருங்களா இருந்த சோசாவும் மெக்வயரும் உண்டு. முந்தின ராத்திரிதான் அதே மைதானத்துல மெக்வயர் டெர்பி முதல் ரவுண்ட்ல 13 அடிச்சு அங்க இருக்கற உயரமான பச்சைச் சுவருக்கு மேல பந்தா பறக்க விட்டிருந்தாரு. ஒரு ராத்திரி இடைவெளில ரெண்டு விதமா பந்து போட்டதுக்கு ரெண்டு விதமா பதில்.

இப்ப 2025 மேட்சுக்கு வர்றேன், ஏன்னா அன்னிக்கிதான் டெர்பி வந்து மேட்சுக்குள்ளயே புகுந்துச்சு. நேஷனல் லீக் 6-0ல முன்னாடி இருந்துச்சு, சரி முடிஞ்சுதுன்னு டிவிய அணைக்கப் போனவன்தான் நானும். அமெரிக்கன் லீக் கொஞ்சம் கொஞ்சமா துரத்தி, ஒம்பதாவது இன்னிங்ஸ்ல ரெண்டு அவுட்டு போனப்பறம் ஸ்டீவன் க்வான் மெதுவா உருட்டி விட்ட ஒரு பந்துல 6-6. கூடுதல் இன்னிங்ஸ் கெடையாது, டை ஆனா ஸ்விங்-ஆஃப்னு ரூல் ஏற்கனவே இருந்துச்சு, ஆனா அது வரைக்கும் தேவைப்பட்டதே இல்ல. பக்கத்துக்கு மூணு பேரு, ஆளுக்கு மூணு வீச்சு, யாரு அதிகமா வெளிய அடிக்கறாங்களோ அவங்க லீகுக்கு மேட்சு.

அமெரிக்கன் லீக் சார்பா ரூக்கர் 2. நேஷனல் லீக்ல கைல் ஸ்டவர்ஸ் 1. ராண்டி அரோசரேனா 1, மொத்தம் 3-1. அப்ப வந்தாரு கைல் ஷ்வார்பர். ஆமா, ஹார்ப்பர்கிட்ட ஒரே ஒரு ஹோம் ரன்ல தோத்த அதே ஷ்வார்பர், இப்ப ரெண்டு பேரும் பிலடெல்பியால ஒரே டீம். மேட்சுல அது வரைக்கும் ஒண்ணும் பண்ணல. முதல் வீச்சு, போச்சு வெளிய. ரெண்டாவது, போச்சு. மூணாவது ஒத்த முட்டி தரைல படற மாதிரி குனிஞ்சு ஒரு வீச்சு, அதுவும் போச்சு. மூணுக்கு மூணு. 4-3. ஜொனதன் அராண்டா வந்து ஒண்ணும் அடிக்க முடியாம போக, அலான்சோ மட்டையோட நின்னது நின்னபடியே, அவருக்கு வேலையே வரல. எம்விபி, அதாவது ஆட்ட நாயகன், ஷ்வார்பர். மேட்ச் கணக்குல ஒரு ஹிட் கூட இல்லாதவருக்கு எம்விபி.

அந்த மூணு பந்த போட்டது யாருன்னு கேட்டிங்களா? டினோ ஈபெல், டாட்ஜர்ஸ் டீமோட தேர்டு பேஸ் கோச்சு, மூணாவது பேஸ் பக்கத்துல நிக்கறவரு. இவரு பின்னணி தெரியாம பாத்தவங்களுக்கு யாரோ ஒரு கோச்சு. 2007ல கெரேரோ சீனியர் டெர்பி ஜெயிச்சப்ப போட்டது இவருதான். 2024ல டெக்ஸஸ்ல டியாஸ்கர் ஹெர்னாண்டஸ் ஜெயிச்சப்பவும் இவருதான். 2025ல ஆல்-ஸ்டார் மேட்சையே முடிச்சு வெச்சதும் இவரு கைதான். பதினெட்டு வருஷமா அதே சீரான கை. ஷ்வார்பருக்கு தினமும் பந்து போட்டுப் பழகினவர் கூட இல்ல, வேற டீம் ஆளு, அப்படி இருந்தும் மூணும் ஒரே எடத்துல போய் உக்காந்துச்சு. நான் குரூப்ல அப்பவே மெசேஜ் போட்டேன், எம்விபி ஈபெலுக்கு குடுங்கடான்னு. மறுபடியும் ஸ்மைலிதான்.

ஸ்விங்-ஆஃப் கேலிக்கூத்துன்னு நெறைய பேரு திட்டினாங்க, ஃபுட்பால் பெனால்ட்டி மாதிரி ஆக்கிட்டாங்கன்னு. எனக்கு அப்படித் தோணல. பிட்ச்சருங்க தீந்து போயி வெளையாட ஆளே இல்லாம டைன்னு அறிவிக்கறத விட இது நூறு மடங்கு மேல், அன்னிக்கி ரெண்டு லீக் ஆளுங்களும் டக்அவுட்ட விட்டு வெளிய வந்து குதிச்சத பாத்திருந்தா திட்டறவங்களும் வாய மூடியிருப்பாங்க. எனக்கு இருக்கற ஒரே கொற, டெர்பில மாதிரி இங்கயும் அடிக்கறவனே ஆள கூட்டிட்டு வர விடணும். ஒரு பக்கத்துக்கு ஒரே கோச்சு எல்லாருக்கும் போடறதுல, அவரு கை யாருக்கு ஒத்துப் போகுதோ அவன் பொழைச்சான், மத்தவன் மாட்டினான். ஒரு டீமோட லெஃப்ட் பேட்டருக்கு இன்னொரு டீமோட கோச்சு அந்நியர்தான. கூடவே அந்த டிவிக்காரங்களுக்கும் ஒண்ணு, அடிச்ச பந்தோட வேகம், கோணம், தூரம், எல்லாத்தையும் திரைல எழுதறீங்க, வலை பின்னாடி நிக்கறவரு பேரையும் ஒரு ஓரமா போட்டு, அவரு எறிஞ்ச பந்து எங்க எங்க வந்துச்சுன்னு ஒரு புள்ளி வெச்ச படம் காட்டினா என்ன, மெஷின் அதையும் அளந்துட்டுதான இருக்கு.